தலை ஆடினால் திருப்பு

படி ஏறும்போதே பூட்ஸ் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

சரக்கு யார்டில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கொடுக்கிற பூட்ஸ் அது. முனையில் இரும்புத் தகடு வைத்தது. மூட்டை விழுந்தால் கால்விரல் தப்பிக்கும். மரப்படியில் நடந்தால் மானம் தப்பிக்காது. ஒரு கிறீச், ஒரு டொம், மறுபடி ஒரு கிறீச். சர்ச்சில் கல்யாணத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து மாடத்தைப் பார்த்தார்கள்.

மாடத்தில் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்த மாமனார் மட்டும் திரும்பவில்லை. ஆர்கனைப் பார்த்துப் பேசினார்.

"சில பேர் நடந்தா கட்டடமே எழுந்து வர்ற மாதிரி இருக்கு. சத்தம் போடுற ஆளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மனுஷன் எப்படி வாசிக்கிறது?"

அவர் அவனிடம் நேராகப் பேசுவதில்லை. மகள் வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு மூட்டைக்காரனைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற நாளிலிருந்து, அவனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவருக்கோ நாற்காலிக்கோ சொல்லிவிடுவார். அவன் வாசலில் போய் நின்றால், "கதவே, எவனோ மறைச்சுக்கிட்டு நிக்கிறான் போல, காத்தே வரலையே" என்பார். இத்தனைக்கும் அவரும் மாவு மில்லில் உழைக்கிறவர்தான். ஆனால் ஆர்கனில் விரல் வைக்கிற குடும்பத்துக்கும் மூட்டைக்கு முதுகு கொடுக்கிறவனுக்கும் எப்படி ஒட்டும் என்பது அவர் கட்சி.

அவனை யார்டில் எல்லாரும் கிரேன் என்று கூப்பிடுவார்கள். கிரேன் என்ன செய்வான்? பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தான். வலது காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப்பார்த்தது.

மாமனார் வாசிக்கும்போது பாட்டுப் புத்தகத்தில் வழக்கமாகப் பக்கம் திருப்புவது மாமியார்தான். நேற்றுக் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிப்போய்விட்டது. படி ஏற முடியாது. மகளோ நிறைமாதம். அவளும் ஏற முடியாது. மிஞ்சினவன் கிரேன்.

"எனக்கு அந்தப் பாட்டு எழுத்தெல்லாம் தெரியாதே" என்று காலையிலேயே அவன் மனைவியிடம் சொல்லிப் பார்த்தான்.

"தெரிய வேணாம். அம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. புத்தகத்தைப் பார்க்காதீங்க, அப்பா தலையைப் பாருங்க. தலை ஆடினா திருப்புங்க."

"ஆடலைன்னா?"

"ஆடும்னு சொன்னாங்க."

அவள் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடியே சொன்னாள். "இங்க பாருங்க. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கிற ஆஸ்பத்திரியில நான் பிள்ளை பெத்துக்க மாட்டேன். இன்னிக்கு அவர் வாயால உங்களை மாப்பிள்ளைன்னு கூப்பிட வெச்சுட்டு வாங்க. அப்படி இல்லைன்னா வீட்டுக்கு வராதீங்க."

அதனால் கிரேன் மாமனாருக்குப் பின்னால், வலது தோளை ஒட்டி நின்றான். அங்கிருந்து அவனுக்குத் தெரிந்தது ஒரு காதும் ஒரு வழுக்கையும்தான். லாரி பின்னால் வரும்போது வழிகாட்டுகிறவனின் கையைப் பார்க்கிற மாதிரி அந்த வழுக்கையையே கண் எடுக்காமல் பார்த்தான்.

ஆர்கன் மெல்ல ஆரம்பித்தது. விருந்தினர்கள் வந்து உட்காருகிறவரைக்கும் வாசிக்கிற சாதுவான பாட்டு. கொஞ்ச நேரத்தில் வழுக்கை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது.

ஆடிவிட்டது!

கிரேன் பாய்ந்து தாளைப் பிடித்தான். சிமென்ட் மூட்டை பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் செருப்புத் தோலாகிவிட்டது. தாள் ஒன்றா இரண்டா என்று அந்த விரலுக்கு எங்கே தெரியும்? கையில் அகப்பட்டதைப் புரட்டினான். சர்ரென்று ஒரு சத்தம். மாமனார் பெஞ்சிலிருந்து தூக்கிவாரிப் போட்டு எழ, ஆர்கன் வாலை மிதித்த பூனை மாதிரி ஒரு கத்துக் கத்தியது.

மாமனார் ஆர்கனிடம் கேட்டார். "இது காகிதமா, இல்லை தகரமா?"

கிரேனுக்கு வியர்த்துவிட்டது. பார்த்தால் இரண்டு தாள் சேர்ந்து புரண்டிருந்தது. ஒரு தாளைத் திரும்பக் கொண்டுவரலாமா? கொண்டுவந்தால் மறுபடி சத்தம் வருமே? ஆனால் ஆச்சரியம், பாட்டு எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. புத்தகத்தை எட்டிப்பார்த்தான். பக்கம் முழுக்கக் கறுப்பெறும்பு ஊர்வலம். எல்லாப் பக்கத்திலும் ஒரே பாட்டைத்தான் எழுதியிருப்பார்கள் போல என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. மாமாவுக்குச் சத்தம் ஆகாது.

கீழே முதல் வரிசையில், கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்த மாமியார் அவனைப் பார்த்துக் கையை மேலும் கீழும் ஆட்டினார். "சத்தத்தை அடக்கு" என்கிறார், பாவம், அவருக்கும் கேட்டுவிட்டது.

கிரேன் தலையை ஆட்டிவிட்டு வேலையில் இறங்கினான். ஒவ்வொரு தாளின் மூலையையும் லேசாக மடக்கி நிமிர்த்தி வைத்தான். விரலை எச்சிலால் நனைத்துக்கொண்டான். வழுக்கை ஆடியது. தாள் பூ விழுகிற மாதிரி விழுந்தது. சத்தமே இல்லை. மாமனார் திடுக்கிடவும் இல்லை, ஆர்கனிடம் புகார் சொல்லவும் இல்லை. மறுபடி தலை ஆடியது. மறுபடி ஒரு பூ.

கிரேனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இத்தனை நாள் அவன் பக்கமே திரும்பாத தலை, இப்போது அவன் ஒருவனுக்காக ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது.

பாதிரியார் கையைக் காட்டினார். பெண் உள்ளே வருகிற பாட்டு தொடங்கியது. கல்யாணப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பாட்டுக்கு ஏற்ற அடி எடுத்து வைத்து நடந்தாள். முதலில் சரியாகத்தான் நடந்தாள். பிறகு பாட்டு கொஞ்சம் தளர்ந்தது. நடையும் தளர்ந்தது. கிரேன் திருப்பினான். இன்னும் தளர்ந்தது.

தலையோ விடாமல் ஆடியது. கிரேனும் விடாமல் திருப்பினான். பாதி வழிக்குப் பெண் வருவதற்குள் புத்தகம் தீர்ந்துவிட்டது. தலை ஆடுகிறது. திருப்ப என்ன இருக்கிறது? அட்டையைத்தான் திருப்ப வேண்டும்.

அவன் காதருகில் குனிந்து கிசுகிசுத்தான். "மாமா, தாள் முடிஞ்சுபோச்சு."

"ம்ம்ம்" என்றார் மாமனார்.

கிரேனுக்கு உடம்பு சிலிர்த்தது. சுவருக்கு இல்லை, கதவுக்கு இல்லை, அவனுக்கே அவனுக்குச் சொன்ன முதல் பதில்!

"மறுபடியும் முதல்லேர்ந்தா மாமா?"

"ம்ம்ம்ம்."

முதல் பக்கத்துக்கு வந்தான். பாட்டு அதற்கும் கவலைப்படவில்லை. ஆனால் இப்போது ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் ஒரு பீடி பற்றவைக்கலாம் போலிருந்தது. கீழே பெண் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றாள். உயரமான கூரை, கிசுகிசுத்தாலும் மேலே கேட்கும்.

"நடம்மா, எனக்கு முட்டி வலிக்குது" என்றார் பெண்ணின் அப்பா.

"பாட்டு நடக்க மாட்டேங்குதேப்பா!"

அவர்களைப் படம் பிடித்தபடி பின்னோக்கி நடந்துகொண்டிருந்த போட்டோக்காரர், இந்த வேகத்துக்குப் பழக்கமில்லாமல் தடுமாறி யாரோ ஒரு அம்மாளின் மடியில் உட்கார்ந்துவிட்டார்.

கிரேன் குழம்பிப்போனான். அவன் சீக்கிரம் திருப்பியதால் இப்படி ஆகிறதா, தாமதமாகத் திருப்பியதால் ஆகிறதா? மாமியாரைப் பார்த்தான். அவர் ஒற்றைக் காலில் எழுந்து நின்று, இரண்டு கையாலும் துணி துவைப்பது மாதிரி காற்றை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் அவரைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்கள்.

'இன்னுமா சத்தம் கேக்குது?' என்று கிரேன் திகைத்தான். இனி ஒரே வழிதான். திருப்பவே கூடாது. மின்விசிறிக் காற்றில்கூடத் தாள் படபடக்காதபடி புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி அமுக்கிப் பிடித்தான். மூச்சையும் பிடித்துக்கொண்டான்.

அவ்வளவுதான். பாட்டு இறங்கி இறங்கி, ஆர்கனின் மிதிகட்டையில் மாமனாரின் கால் மிதித்திருந்த ஒரே ஒரு அடித்தொண்டைச் சுரத்தில் வந்து நின்றுவிட்டது. பூம்ம்ம்ம்ம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கியது. கீழே இருந்தவர்களுக்கு இது என்ன கட்டம் என்று புரியவில்லை. பாதிப் பேர் எழுந்தார்கள், பாதிப் பேர் முழங்கால் போட்டார்கள். ஒரு பெரியவர் சொந்தப் பொறுப்பில் "ஆமென்" என்றார். பாதிரியார் மாடத்தைப் பார்த்து, என்ன என்று கையால் கேட்டார். கிரேன் பதில் சொல்லக் கையை எடுத்தான்.

வியர்த்த கையிலிருந்து புத்தகம் வழுக்கி மரத்தரையில் தடாலென்று விழுந்தது.

மாமனார் துள்ளி நிமிர்ந்தார். பத்து விரலும் ஒன்றாக இறங்கின. கல்யாணம் முடிந்து ஜோடி வெளியே போகும்போது வாசிக்கிற பாட்டு, முழு வேகத்தில், கூரை பிய்ந்துகொள்கிற மாதிரி கிளம்பியது.

வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல அதுவரை நின்றிருந்த மாப்பிள்ளைப் பையனுக்கு, ஒத்திகையில் பழகிய பாட்டு கேட்டதும் உயிர் வந்தது. ஓடி வந்து, நடுவழியில் நின்ற பெண்ணின் கையைப் பிடித்தான். இரண்டு பேரும் வாசலைப் பார்த்து நடையைக் கட்டினார்கள். பெண்ணின் அப்பா முட்டியை மறந்து பின்னால் ஓடினார். கூட்டம் கைதட்டியது.

"ஏய், நில்லுங்க! இன்னும் சம்மதமே கேக்கலை!" என்று பாதிரியார் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஒருவழியாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மிச்சக் கல்யாணத்துக்கு ஆர்கன் வேண்டாம் என்று கீழேயிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

கிரேன் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, முதல் ஆளாகக் கீழே இறங்கினான். படியடியில் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேல என்னங்க பண்ணீங்க?"

"திருப்பினேன்."

"என்னத்தைத் திருப்பினீங்க?"

"எல்லாத்தையும்தான். முன்னாடியும் திருப்பினேன், பின்னாடியும் திருப்பினேன், ஒருவாட்டி முதல்லேர்ந்தும் திருப்பினேன். எதுக்கும் அந்தப் பாட்டு அசையலை. எனக்கு ஒண்ணும் புரியலைடி."

"போச்சு. எல்லாம் போச்சு" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மாமனார் இறங்கி வந்தார். பெண்ணின் அப்பா நொண்டியபடி குறுக்கே பாய்ந்தார். "என்னய்யா வாசிச்சே? என் பொண்ணு கால் மரத்துப்போச்சு!"

மாமனார் அவரைப் பொருட்படுத்தவே இல்லை. நேராகக் கிரேனிடம் வந்தார். சுவரைப் பார்க்கவில்லை, பெஞ்சைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தார். தோளில் கையை வைத்தார்.

"மாப்பிள்ளை."

மனைவி பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வாரமும் நீங்களே வாங்க. இதே மாதிரி திருப்புங்க. எந்த மாத்தமும் வேணாம்."

சொல்லிவிட்டு, ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தபடி வாசல் பக்கம் போனார். கிரேன் பூட்ஸும் கையுமாக வாயைப் பிளந்து நின்றான். பிறகு தத்தித் தத்தி வந்துகொண்டிருந்த மாமியாரிடம் ஓடினான்.

"அத்தை, கல்யாணத்தையே கெடுத்தேன். மாமா என்னடான்னா, இதே மாதிரி திருப்புன்னு சொல்லிட்டுப் போறாரு. உங்களுக்காவது ஏதாவது புரியுதா?"

மாமியார் தூணைப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு மில்லுலேர்ந்து அப்படியே வர்ற மனுஷன் மாப்பிள்ளை, பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம், தலை தொங்கும்போது தாளை நாலு தெருவுக்குக் கேக்குற மாதிரி புரட்டி நான்தான் எழுப்பிவிடுவேன், அவரை நிம்மதியா தூங்கவிட்ட முதல் ஆள் நீங்கதான்!"