பகல் விளக்கும் அரைமணிக்காரரும்

அரைமணிக்காரர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. குழாய் ஒழுகினாலும், மின்விசிறி முனகினாலும், கதவு தரையில் உரசினாலும் பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் வரும்: "இதுக்கெல்லாம் ஆளக் கூப்பிடுவாங்களா? அரைமணி நேர வேலை!" அந்தக் குரல் வந்த வீட்டில் மூன்று நாளைக்குத் தண்ணீர் வராது, காற்று வராது. கதவு மட்டும் தரையில் உரசுவதை நிறுத்திவிடும். அதைத்தான் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டாரே!

இந்த இனத்தார் எந்தப் பொருளோடும் வரும் விளக்கத் தாளைப் படிக்க மாட்டார்கள். அது தெரியாதவர்களுக்காக அச்சடித்தது. வேலை முடிந்தபின் கையில் நான்கு திருகாணி மிஞ்சினால், "கம்பெனிக்காரன் சும்மா கூடுதலா போட்டிருக்கான்" என்று சொல்லி அவற்றைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார்கள். விரலில் சுற்றிய துணியை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பதக்கம்போலக் காட்டுவார்கள். என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவே வேண்டாம், அவர்களே சொல்வார்கள்.

நம்முடைய அரைமணிக்காரர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். மற்றவர்கள் நிரப்பித் தரும் படிவங்களில் தப்பு கண்டுபிடிப்பதுதான் வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டில் பதினேழு வயதான ஒரு கார் இருந்தது. அந்தக் காரைச் சுற்றித்தான் வினை வந்தது.

ஒருநாள் சிக்னலில் நின்றபோது, எதிரே வந்த புதுக் கார்களெல்லாம் பட்டப்பகலில் பளபளவென்று விளக்கைப் போட்டுக்கொண்டு வருவதை அவர் கவனித்தார். வண்டி ஓடும்போது தானாகவே எரியும் பகல் விளக்கு அது. புதுக் கார்களில் கம்பெனியே வைத்து அனுப்புகிறது. நம்மவருக்கு மனசு கேட்கவில்லை. தன் வண்டி மட்டும் தூங்கி எழுந்த முகத்தோடு நிற்பதாகத் தோன்றியது. அடுத்த மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் ஏழெட்டு வீடியோ பார்த்தார். எல்லா வீடியோவிலும் ஓர் ஆள் சிரித்துக்கொண்டே பன்னிரண்டு நிமிடத்தில் வேலையை முடித்தான். நம்மவர் பெருந்தன்மையாக அதை அரைமணி ஆக்கிக்கொண்டார்.

விளக்குப் பொட்டலம் சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தது. அதே சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அவர் மனைவிக்கு ஓட்டுநர் தேர்வு. அதே காரில்.

மனைவி மருந்தாளுநர். மருந்துப் பெட்டிக்குள் எறும்புபோல அச்சடித்த தாளை வரி விடாமல் படிப்பதே அவருக்குச் சோறு போடும் தொழில். நாற்பத்தாறாவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். முதல் தேர்வில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, எல்லைக்கு வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் கூம்பைச் சாய்த்தார். இரண்டாவது தேர்வில் கூம்புகளையே பார்த்துக்கொண்டிருந்ததில் நிறுத்தக் கோடு கண்ணில் படவில்லை. இது மூன்றாவது. ஊருக்கு வெளியே திறக்கப்போகும் புதுக் கிளைக்கு அவரைப் பொறுப்பாளராகப் போடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். காலை ஆறரைக்குக் கடை திறக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. வண்டி ஓட்ட முடியுமா, முடியாதா? திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"என்னங்க, இன்னைக்கேவா?" என்றார் மனைவி, முன்பக்கத்து பம்பருக்கு அடியில் படுத்திருந்த இரண்டு கால்களைப் பார்த்து.

"அதிகாரி முன்னாடி பகல்ல லைட் எரியுற வண்டி வந்து நின்னா ஒரு மரியாதை இருக்கும்ல? எல்லாம் உனக்காகத்தான்."

"நாளைக்கு என் தம்பியக் கூப்பிட்டா மாட்டித் தந்துடுவான்."

கால்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தன. மனைவியின் தம்பிக்குத் தொழிலே கார் மின்வேலைதான். மூன்று தெரு தள்ளிக் கடை. பதினைந்து வருடமாக நம்மவர் அந்தக் கடைப் படி ஏறியதில்லை. "அவன் பாவம், பெரிய வேலையெல்லாம் பாக்குறவன். இதுக்குப் போயி அவனையா? அரைமணி நேரம்!"

அப்போது மணி எட்டு.

பத்து மணிக்கு பம்பர் கழன்றது. கழன்றது என்பது மரியாதையான சொல். எதிர்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வாசல் கேட்டில் சாய்ந்து, "என்ன சார், வண்டிக்குப் பல்லு பிடுங்குறீங்களா?" என்று விசாரித்தார். பன்னிரண்டு மணிக்கு இரண்டு விளக்கும் பம்பரில் ஏறின. வலப்பக்கத்து விளக்கு இடப்பக்கத்ததைவிட இரண்டு விரல் உயரம். நம்மவர் இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், கடைசியில் தலையைச் சாய்த்துப் பார்த்தார். சரியாக இருந்தது. நேராக நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் அந்தக் கார் ஒற்றைப் புருவத்தைத் தூக்கி, 'அப்படியா?' என்று கேட்பதுபோலத் தெரிந்தது.

அடுத்தது மின்சாரம். பொட்டலத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. எஞ்சின் ஓடுகிறதா என்று அறிந்து விளக்கைப் போட்டு அணைப்பது அதுதான். வீடியோ ஆள் அதைப் பற்றிப் பேசிய இடத்தில் நம்மவர் வேகமாக ஓட்டியிருந்தார். "இது எதுக்குத் தண்டத்துக்கு?" என்று ஓரமாக வைத்துவிட்டு, கைக்கு எட்டும் தூரத்தில் ஒயர் தேடினார். ஹாரனுக்குப் போகும் இரண்டு ஒயர்கள் பக்கத்துப் பக்கத்தில், இவருக்காகவே காத்திருந்ததுபோல நின்றன. சிவப்பை ஒன்றில் முறுக்கினார், கறுப்பை இன்னொன்றில் முறுக்கினார். சாவியைத் திருப்பினார்.

எரியவில்லை.

கோபத்தில் ஹாரனை ஓங்கி அடித்தார். அது அலற, விளக்கு பளீரென்று எரிந்தது. கையை எடுத்தார், அணைந்தது. மறுபடி அடித்தார், எரிந்தது.

"வேலை செய்யுது!" என்று கத்தினார்.

"அப்போ தெரு முழுக்க ஹாரன் அடிச்சிக்கிட்டே போகணுமா?" என்றார் வாத்தியார், அதே இடத்தில் சாய்ந்தபடி.

கறுப்பு ஒயரைப் பிரித்து வண்டியின் இரும்பில் கட்டினார். இப்போது விளக்கு எரிந்தது. சாவியை எடுத்தார், எரிந்தது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாலடி தள்ளி நின்றார், அப்போதும் எரிந்தது. பேட்டரி தீர்ந்துவிடுமே என்று ஓடிப்போய்ச் சிவப்பைப் பிடித்து இழுத்தார். முறுக்கு அவிழாமல் ஹாரன் ஒயரும் கூடவே வந்து, அந்த மொட்டை முனை இரும்பில் பட்டது. ஒரு பொறி, ஒரு 'டப்'. விளக்கு போனது. ஹாரனும் போனது.

மணி பன்னிரண்டே முக்கால்.

மனைவி உடுத்தித் தயாராகி, படிவங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "ஹாரன் அடிக்கலைன்னா வண்டியவே உள்ள விட மாட்டாங்க. மொதல்ல அதத்தான் பாப்பாங்க."

"நல்லா ஓட்டுறவங்களுக்கு ஹாரனே தேவையில்ல," என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பார். கோபத்துக்குப் பதில் சொல்லிப் பழகியவர். அந்த முகத்தில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. எட்டு மணியிலிருந்து முதல்முறையாக அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மச்சானுக்குப் போன் போட்டார்.

"சொல்லுங்க அத்தான்!"

"ஒண்ணுமில்ல மாப்ள... எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்தான். என்ன அத்தான், என்னைக்கும் இல்லாம?"

"சும்மாதான். சரி, வச்சிடட்டா?"

வைத்துவிட்டார். நம்புகிறீர்களா? உயிரே போனாலும் இந்த இனத்தார் வாயில் 'எனக்குத் தெரியலப்பா' என்ற வாக்கியம் வராது. ஐந்து நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மானம் போனால் போகட்டும், திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தபோது வெளியே ஹாரன் அலறியது.

ஓடினார். மனைவி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். மடியில் காரின் கையேடு. பதினேழு வருடமாக டாஷ்போர்டு பெட்டிக்குள் உறை பிரிக்காமல் கிடந்த புத்தகம் அது. தேர்வுக்காக இரண்டு மாதத்துக்கு முன்பே பிரித்துப் படித்து, பென்சிலால் கோடும் போட்டிருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே மூடியைத் திறந்து, பட்டியலில் ஹாரனுக்கு உரிய எண்ணைப் பார்த்து, கருகிய பியூசைப் புருவம் திருத்தும் இடுக்கியால் பிடுங்கி, மூடிக்குள்ளேயே கம்பெனி வைத்திருந்த உபரி பியூசைச் செருகியிருந்தார்.

"உங்க ஒயர் ரெண்டையும் அவுத்துட்டேன். அந்தப் பம்பர நல்லா அழுத்தி மாட்டுங்க. கிளம்பணும்."

நம்மவர் பம்பரை மாட்டினார். வாத்தியார் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

தேர்வு மைதானத்தில் அதிகாரி ஹாரனை அடிக்கச் சொன்னார், சைகை விளக்குகளைப் பார்த்தார். பிறகு பம்பருக்கு முன்னால் நின்று, தன்னையறியாமல் தலையைச் சாய்த்தார்.

"இது என்னம்மா?"

"அலங்காரம் சார்."

"எரியுமா?"

"எரியாது சார்."

"ரொம்ப நல்லது. ஏறுங்க."

நம்மவர் வேலிக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மனைவி பின்னால் எடுக்கும்போது இவர் கழுத்தும் பின்னால் திரும்பியது. கடைசிக் கூம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அந்த ஒரு சாணுக்கு அவர் வேண்டாத தெய்வமில்லை. நிறுத்தக் கோட்டில் வண்டி சொன்னபடி நின்றது. மனைவி இறங்கி, பிளாஸ்டிக் உறையை உயரத் தூக்கி ஆட்டினார். நம்மவர் எழுந்து நின்று கைதட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதைப் பற்றி அவருக்கு அக்கறையே இல்லை.

அந்த மகிழ்ச்சி அவரைத் திருத்தியது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. வீட்டுக்கு வரும் வழியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே சொன்னார்: "கவனிச்சியா? அதிகாரி அந்த லைட்டையே பாத்துட்டு நின்னாரு."

மறுநாள் மச்சான் வந்தார். அந்தக் கறுப்புப் பெட்டியை வைத்து, விளக்குகளைச் சமமாக்கி, பம்பரை மாட்டி, இருபத்தெட்டு நிமிடத்தில் கை கழுவினார். அத்தனை நேரமும் நம்மவர் அருகில் நின்று யோசனை சொன்னார். பிறகு வாத்தியாரிடம், "முக்கால்வாசி நான் நேத்தே முடிச்சிட்டேன். மாப்ள வந்து சும்மா ஒயர மாட்டினான்" என்றார். திங்கட்கிழமை மனைவி முதலாளியிடம் சரி என்று சொல்லிவிட்டார்.

சிரித்தீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர் ஹாரன் ஒயரில் கை வைத்த இடத்தைப் படித்தபோது, 'அட, அங்கே போயா கனெக்‌ஷன் கொடுப்பான்? நானாக இருந்தால்...' என்று உங்கள் மனசு ஒரு பேச்சை ஆரம்பித்ததா இல்லையா? ஆரம்பித்தது என்றால், எந்த வேலையிலும் கை வைக்குமுன் ஒரு நிமிடம் பொறுங்கள். இன்று வெளியே எங்காவது போக வேண்டியிருக்கிறதா என்று வீட்டாரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.