சட்டிக்காரன் கட்சி

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஒரு வாக்குவாதத்திலாவது என் மனைவியை ஜெயித்துவிடுவது என்று சபதம் எடுத்தேன். ஜெயித்தும்விட்டேன். பதிமூன்று ஓட்டு வித்தியாசம். அந்தக் கொடுமையைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் குடியிருப்பில் 'எண்மர் படை' படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். இந்தக் கதை தொடங்கும்போது ஆறு பாகம் வந்திருந்தது. எட்டு வீரர்கள் உலகத்தைக் காப்பாற்றுவார்கள். அது அடுத்த பாகத்துக்குள் மறுபடி கெட்டுப்போகும். புதுப் பாகம் வருவதற்கு முந்தின சாயங்காலம் எல்லாரும் கீழ் ஹாலில் கூடி, எட்டுப் பேரில் யார் உசத்தி என்று கட்சி கட்டிப் பேசி, கை தூக்கி ஓட்டெடுப்போம். ஜெயித்தவர் மறுநாள் தன் வீரனின் வேஷத்தில் படத்துக்கு வரவேண்டும். அவர் பேச்சிலிருந்து ஒரு வரி லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஏறும். அடுத்த பாகம் வரும்வரை, அதாவது இரண்டு வருஷம், அதை யாரும் அழிக்கக்கூடாது.

நான் கண்ணாடிக் கடையில் கண் சோதித்து லென்ஸ் போட்டுக் கொடுப்பவன். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிறவன். மனைவி தையல்கடை வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கடைக்கும் லீவு. ஆனால் லீவு எனக்கு மட்டும்தான். நான் சோபாவில் சாய்ந்து பழைய பாகங்களை மறுபடி பார்ப்பேன். அவள் அடுப்படியில் இருப்பாள். அன்று ஒரு நாளாவது சமையலை நான் பார்க்கக்கூடாதா என்று பல தடவை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கொள்கையைச் சொல்லித் தப்பித்திருக்கிறேன். என்ன கொள்கை என்று இப்போது ஞாபகமில்லை.

எனக்கு இன்னொரு குணமும் உண்டு. படத்தைப் பற்றி அவள் எதைச் சொன்னாலும் நான் எதிர்க்கட்சி. கிளைமாக்ஸ் பிரமாதம் என்று யாரோ சொன்னார்கள் என்பாள். தூக்கம் வந்தது என்பேன். யோசித்தெல்லாம் சொல்வதில்லை, தானாக வரும்.

மூன்று வாரம் முன்னால் ஒரு சாயங்காலம். அவள் பொத்தான் தைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

"எட்டுப் பேர்ன்னு சும்மா கணக்குக்குத்தான். அந்தச் சட்டிக்காரனெல்லாம் ஒரு ஆளா?"

சட்டிக்காரன் எட்டாவது ஆள். மற்ற ஏழு பேரும் வாள் சுழற்றுவார்கள். இவன் அவர்களுக்கு ஆக்கிப்போட்டு, பாத்திரம் கழுவி, துணி துவைப்பான். ஆறு பாகத்துக்கும் சேர்த்து நாலே வசனம். அதில் மூன்று, 'சாப்பிட வாங்க.' உண்மையைச் சொன்னால் அதுவரை நானும் அவனை ஒரு ஆளாக நினைத்ததில்லை.

"ஏன், அவனுக்கு என்ன குறைச்சல்?" என்றேன்.

"சமைக்கிறது ஒரு வீரமாங்க? தலைவன்தான் ஹீரோ. வாளை ஒரு சுத்து சுத்தினா போதும்."

"வாளை எவன் வேணா சுத்துவான். எட்டுப் பேருக்கு வேளாவேளைக்குச் சோறு போடச் சொல்லு, பார்ப்போம்."

"இதை ஹால்ல பேசிடாதீங்க. சிரிப்பாங்க."

"பேசறேன். ஜெயிச்சும் காட்டறேன்."

அவள் குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மூன்று வாரமும் தவம் கிடந்தேன். ஆறு பாகத்தையும் சட்டிக்காரனுக்காகவே திரும்பப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். கடையில் கண் சோதிக்க உட்கார்ந்தவரிடம் 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்பதற்குப் பதில் 'தலைவனா, சட்டிக்காரனா' என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. தலைவனுக்காக என் மனைவி இரண்டு நிமிஷம் பேசினாள், ரொம்ப சுமாராக. நான் நாற்பது நிமிஷம் பேசினேன். நாலாம் பாகத்தில் ஏழு பேரும் பட்டினியில் சுருண்டு கிடந்தபோது, சட்டிக்காரன் எதிரியின் கோட்டைக்குள் புகுந்து ஒரு பிடி உப்போடு திரும்பி வந்ததைச் சொன்னேன். "வீட்டு வேலையை வாய் திறக்காமல் செய்கிறவனே உண்மையான வீரன்!" என்று முடித்தேன். பெண்கள் பக்கமிருந்து எழுந்த கைதட்டல் அடங்கவே இல்லை.

பத்தொன்பதுக்கு ஆறு. கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் மட்டும் என் காதோடு, நுணலும் தன் வாயால் கெடும் என்றார். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

"ஒத்துக்கறேங்க. நீங்க சொன்னதுதான் சரி" என்றாள் மனைவி. பதினோரு வருஷத்தில் கேட்காத வார்த்தை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். என் வரியைப் பலகையில் முத்து முத்தாக எழுதியதும் அவள்தான். மறுநாள் காலையில் சட்டிக்காரனின் ஏப்ரன் தயாராக இருந்தது. அளவெடுத்ததுபோல் பொருந்தியது. அவளுக்குக் கடையில் வேலை இருந்ததால், வழக்கம்போல நான் மட்டும் படத்துக்குப் போய் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலுக்கு வந்தால் சோபாவில் அவள். கையில் ரிமோட்.

"ஏப்ரன் அடுப்படிக் கதவுல மாட்டியிருக்குங்க."

"படம்தான் முடிஞ்சுபோச்சே."

"பலகை இருக்கே. இன்னும் ரெண்டு வருஷம்."

வாதாட வாயெடுத்தேன். எதிர்த்து வாதாடவேண்டியதோ என் பேச்சையே. அதற்கு நானே பதில் சொல்லமுடியாதபடி பேசித் தொலைத்திருந்தேன். போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தேன். ஹாலில் வாள் சத்தம் கேட்டது.

"எந்தப் பாகம் ஓடுது?"

"முதல் பாகம்."

"எத்தனையாவது தடவை பார்க்கறே?"

"முதல் தடவைங்க. அடுப்படியிலேர்ந்து டீவி தெரியாது. ஆறு பாகமும் காதாலதான் கேட்டிருக்கேன். சட்டி உருள்ற சத்தத்தை வச்சுத்தான் அப்படி ஒருத்தன் இருக்கான்னே தெரியும்."

எட்டிப் பார்த்தேன். நிஜம்தான், சுவர்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அங்கே அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எந்தக் காட்சி என்று தெரியாவிட்டாலும் எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைக்க ஏப்ரனைத் தூக்கினேன். உள்பக்கம் ஒரு சீட்டு குத்தியிருந்தது. அவள் கடையில் எந்தத் துணிக்கும் வைக்கிற ஆர்டர் சீட்டு. இடுப்பளவு என்னுடையது. ஆர்டர் தேதி மூன்று வாரத்துக்கு முந்தினது. சட்டிக்காரனெல்லாம் ஒரு ஆளா என்று அவள் கேட்ட அதே நாள். எண்ணிக்கை: ஏழு.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கட்ட எதற்கு ஏழு என்று கேட்க நினைத்தேன். ஆனால் உண்மையான வீரன் வாய் திறக்கமாட்டான் என்று பலகையில் எழுதியிருக்கிறது.