மாநிறத்துக்குக் கீழே

மதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

பதினோரு வருடமாகத் தங்கள் இதழை வாரம் தவறாமல் வாங்கும் ஒரு வீட்டின் தலைவன் (என்று நானே சொல்லிக்கொள்கிறேன்) பணிவுடன் எழுதுவது. தாங்களும் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள். இருங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது நலமாக இருங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் காகிதத்தை அழுத்திப் பிடித்திருக்கும் என் இடது கை நகங்கள் ஐந்தும் பவழ நிறத்தில் மின்னுகின்றன. எனக்கு வயது ஐம்பத்து நான்கு. மீசை உண்டு. தொழில், வீடுகளுக்கு பெயிண்ட் அடிப்பது. எந்தச் சுவரானாலும் ஓரமாகக் கொஞ்சம் சாம்பிள் அடித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். மகள் நகத்துக்கு அடிக்கும் முன் என் நகத்தில் அடித்துப் பார்த்தேன். அது தப்பா? தின்னர் போட்டுத் துடைக்க வேண்டியதுதானே என்பீர்கள். தின்னர் நகத்தை வறட்டிவிடும் என்று தங்கள் அழகுப் பக்கத்தில்தான் போட்டிருக்கிறது. நம்பித் தொலைத்தேன். இன்று காலை பால் வாங்கப் போனபோது கடைக்காரர் பாக்கெட்டை என் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டு, "நல்லா இருக்குண்ணே" என்றார்.

சங்கதி இதுதான். நாளை திங்கட்கிழமை என் மகளுக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலைக்கு நேர்முகத் தேர்வு. இது மூன்றாவது இடம். முதல் இரண்டு இடத்திலும், "உனக்கு கம்ப்யூட்டர் நல்லா வருதே, உள்ளே உட்கார்ந்து ஃபைல் பார்த்துக்கிறியா? முன்னாடிக்கு வேற பொண்ணு பார்த்துக்கிறோம்" என்றார்கள். ஏன் உள்ளே என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வேண்டாம் என்று வந்துவிட்டாள். இந்த முறை ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று, தங்கள் இதழில் 'அழகு அக்கா' என்ற பெயரில் யாரோ எழுதுகிற பக்கத்தை வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, வரிக்கு வரி செய்ய ஆரம்பித்தாள். வினை அங்கேதான் தொடங்கியது.

முதலில் வெயில் கிரீம். 'இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்திலும் கழுத்திலும் பூசவும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூசவும்.' வெள்ளிக்கிழமை காலை மகள் ட்யூபை என்னிடம் நீட்டினாள். "நாள் முழுக்க வெயில்ல நிக்கிறது நீங்கதான்ப்பா. முதல்ல நீங்க போடுங்க." பெற்ற பிள்ளை பாசத்தோடு நீட்டினால் தட்ட முடியுமா? போட்டேன். யாருடைய விரல் என்று அக்கா எழுதியிருக்கலாம். என் விரல் ஒவ்வொன்றும் பிரஷ் கைப்பிடி மாதிரி இருக்கும். பாதி ட்யூப் காலி. பட்டி பார்த்த சுவர் போன்ற முகத்தோடு இரண்டாம் மாடிச் சாரத்தில் நின்றால், கீழேயிருந்து காண்ட்ராக்டர் கத்துகிறார்: "யோவ், செவுத்துக்கு பிரைமர் அடிக்கச் சொன்னா உன் மூஞ்சிக்கு அடிச்சுட்டு நிக்கிறே? ரெண்டாவது கோட் எப்போ?" நான் உண்மையைத்தான் சொன்னேன்: "ரெண்டு மணி நேரம் கழிச்சுங்க." மனுஷன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். வியர்வையோடு கிரீம் கண்ணுக்குள் இறங்கி, ஒரு ஜன்னலின் கண்ணாடிக்கும் சேர்த்து வெளிர்நீலம் அடித்துவிட்டேன்.

நேற்று நகம். வலது கைக்கு அவளே போட்டுக்கொள்ள வரவில்லை. "நீங்கதானே பெயிண்டர், வாங்கப்பா" என்றாள். பெருமையாக உட்கார்ந்தேன். 'நகத்தின் மேற்பரப்பை மெல்லத் தேய்த்துச் சமப்படுத்தவும்' என்றிருந்தது. தேய்ப்பது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தேன். "அப்பா! இது என் நகம், ஜன்னல் கட்டை இல்ல!" என்று அலறினாள். சரி என்று, கோடு தாண்டாமலிருக்க விரலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டினேன். 'இரண்டு பூச்சுக்கு நடுவே நன்றாகக் காய விடவும்.' எத்தனை நேரம் என்று போடவில்லை. எங்கள் தொழிலில் நாலு மணி நேரம். பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை மேசைமேல் விரலை விரித்தபடி அவளை உட்கார வைத்தேன். சாப்பாடு அவள் அம்மா ஊட்டினாள். "பிள்ளையைத் தொட்டுடாதே, ஈரம்" என்று நான் காவல் இருந்தேன். டேப்பை உரித்தபோது அவள் போட்ட சத்தத்தில் மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

இவ்வளவும் என் மரமண்டையால் வந்தது. ஒப்புக்கொள்கிறேன். இதற்கெல்லாம் கடிதம் எழுதுவேனா? மாட்டேன்.

மாலையில் உதட்டுச் சாயம். நல்ல சிவப்பாக ஒன்று வாங்கி வைத்திருந்தாள். போட்டாள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். பக்கத்தின் கடைசி வரியைப் படித்தவள், பஞ்சை எடுத்து அழுத்தி அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"ஏம்மா அழிச்சுட்டே?"

"படிச்சுப் பாருங்கப்பா."

'மாநிறத்தவரும் அதற்குக் கீழே உள்ளவர்களும் சிவப்பைத் தவிர்க்கவும். வெளிர் பழுப்பு போதுமானது.'

"விடுங்க, பத்திரிகையில சும்மாவா போடுவாங்க" என்றாள் என் மனைவி. மகள் பழுப்பைப் பூசிக்கொண்டாள். முகத்தில் உதடே இல்லாத மாதிரி இருந்தது.

ஐயா, கீழே என்றால் எதுக்குக் கீழே? யார் கட்டின மாடிப்படி அது? அதில் உங்கள் அக்கா எந்தப் படியில் நின்றுகொண்டு என் மகளைக் குனிந்து பார்க்கிறார்? போதுமானதாம்! யாருக்குப் போதும்? முப்பது வருடமாக நிறத்தோடு புழங்குகிறவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: சிவப்பு அடிக்கிற சுவருக்கு அடியில் வெள்ளை பிரைமர் இருந்தால் நாலு கோட் அடித்தாலும் வெளிறிப்போய்த்தான் நிற்கும். அடியில் அடர்த்தியாக ஒரு நிறம் இருந்தால்தான் சிவப்பு சிவப்பாக எழும். தொழிலுக்கு வந்த ஆறாம் மாதத்துப் பையனுக்குத் தெரிந்த இது உங்க அக்காவுக்குத் தெரியலையா? தெரியலைன்னா எதுக்குய்யா பேனாவைத் தூக்கறாங்க? ஏற்கெனவே ரெண்டு இடத்துல உள்ளே போய் உட்காருன்னு சொன்னவங்க வாயால சொல்லாததை, நீங்க அச்சடிச்சு என் வீட்டுக் கண்ணாடியில ஒட்ட வெச்சுட்டீங்களே!

ஆகவே அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் மன்னிப்பு வர வேண்டும். வராவிட்டால் தங்கள் இதழ் இனி எனக்குச் சாரத்துக்கு அடியில் விரிக்கக்கூடப் பயன்படாது.

தங்கள் குடும்பத்தார் நோய்நொடியின்றி வாழ்க. இதழ் ஓங்கி வளர்க, அந்த ஒரு பக்கம் நீங்கலாக.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடனும் பவழ நிற நகங்களுடனும்,
ஒரு பெயிண்டர்.

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதை மகளிடம் கொடுத்தேன். நிறுத்தி நிதானமாகப் படித்தாள். "பிழை ஏழு இருந்துச்சு, திருத்திட்டேன். எட்டாவது ஒண்ணு இருக்குப்பா. சிவப்பு வேண்டாம்னு எனக்கு முதல்ல சொன்னது அந்த அக்கா இல்ல. நீங்க. எட்டாவது படிக்கும்போது, ஆண்டு விழாவுக்குப் போட்டுட்டு வந்தேன். 'இதெல்லாம் நமக்கு எடுக்காதும்மா'ன்னு உங்க கைக்குட்டையாலதான் துடைச்சீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, நாளைக்குப் போடுகிற சட்டையை இஸ்திரி போடப் போய்விட்டாள்.

கடிதத்தைக் கிழிக்கத்தான் நினைத்தேன். வேண்டாம், அனுப்புகிறேன். மேலே நான் திட்டியிருக்கும் இடங்களில் எல்லாம் அக்காவோடு என்னையும் சேர்த்துப் படித்துக்கொள்ளவும். அவள் பின்னாலேயே போய், இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் நின்று, "சூடு ஜாஸ்தி வைக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவளிடம் வாய்விட்டுச் சொல்லாததை உங்களுக்காவது எழுதுகிறேன்: அன்னிக்கு அந்தச் சிவப்பு உனக்கு அவ்வளவு எடுப்பா இருந்துச்சும்மா. ஊரே உன்னைத் திரும்பிப் பார்க்குமேன்னு நான்தான் பயந்துட்டேன்.