சாம்பாரில் இரும்பு

என் நாக்கின் மேல் எனக்கு அபார நம்பிக்கை இருந்தது. ஒரே ஒரு மதியச் சாப்பாட்டில் அது போய்விட்டது.

ஓசூரில் வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கேன்டீன் கமிட்டியிலும் இருந்தேன் (குறை கண்டுபிடிப்பது பிறவிக் குணம்). அந்த வாரம் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டி, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டாம் நாள் மதியம் சாம்பார் சாதத்தை வாயில் வைத்தேன். துருப்பிடித்த ஆணியை நக்கியது போலிருந்தது.

"யாரும் சாப்பிடாதீங்க! சாம்பார்ல இரும்புத் தூள் விழுந்திருக்கு!"

இருநூறு பேரின் கை தட்டிலேயே நின்றது.

"எனக்கு ஒண்ணும் தெரியலயே மேடம்" என்றார் பக்கத்தில் இருந்த ஆபரேட்டர்.

"உங்களுக்குப் பழகிடுச்சு."

ஓடிப்போய் ஒரு காந்தம் கொண்டுவந்து அண்டாவில் விட்டேன். பருப்புதான் ஒட்டியது. "அப்போ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தூளா இருக்கும். அது ஒட்டாது" என்று விளக்கமும் கொடுத்தேன்.

சமையல்கார ரத்னம்மா கரண்டியோடு நின்றார். வேப்பனப்பள்ளியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர். "நானே ருசி பாத்துத்தான் மேடம் இறக்குனேன். பத்து வருசமா ஆக்கறேன், ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல." மேனேஜர் சாம்பாரைக் கொட்டச் சொன்னார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று ரத்னம்மாவையும் அனுப்பிவிட்டார். ஷிப்ட் முழுக்க அன்று பிஸ்கட்தான்.

வெற்றிக் களிப்பில் தண்ணீர் குடித்தேன். தண்ணீரிலும் இரும்பு. டீயிலும் இரும்பு. வயிற்றைப் புரட்டவே முதலுதவி அறைக்குப் போனேன்.

"என்ன மாத்திரை போடறீங்கக்கா?" என்றாள் நர்ஸ். அட்டையைக் காட்டினேன். மெட்ரோனிடசோல்.

சிரித்துவிட்டாள். "இது கிருமிக்குள்ள போனப்புறம்தான்க்கா மருந்தாவே மாறும். ஆனா நாக்கு அதுவரைக்கும் காத்திருக்காது. வாயெல்லாம் இரும்பா இருக்கும், குமட்டும். அதுக்காகப் பாதியில நிறுத்திடாதீங்க. டாக்டர் சொல்லலியா?"

சொல்லியிருந்தார். (அவர் அறைக் கடிகாரம் ஐந்து நிமிஷம் பிந்தி ஓடுவதை நான் அப்போது சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தேன்.)

பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். நல்லவேளை, ரத்னம்மாவின் பஸ் இன்னும் வரவில்லை. "தப்பு என் நாக்குலதான்மா" என்றேன். அதையே மேனேஜர் முன்னால் ஒரு தடவையும், மறுநாள் இருநூறு பேர் முன்னால் ஒரு தடவையும் சொன்னேன். ரத்னம்மா மறுநாளே வேலைக்குத் திரும்பிவிட்டார். என்னைப் பார்த்ததும், "பல்லு வலி இப்ப எப்படி இருக்கு மேடம்?" என்றார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

இப்போது எங்கள் கம்பெனியில் யார் எதைக் குறை சொன்னாலும், "மாத்திரை போட்டிருக்கியா?" என்பதுதான் முதல் கேள்வி. வீட்டில் என் கணவரும் அதையே பிடித்துக்கொண்டார்.

போன வாரம் சாதத்தில் நிஜமாகவே ஒரு கல் கிடந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அப்படியே விழுங்கிவிட்டேன்.