ஏழாம் குளத்துக்கு நாலு பேர்

மயில்வாகனம் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டைப் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளொன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"தம்பி, நிரப்பிப்போட்டன். எப்ப கூப்பிடுவியள்?"

தயாபரன் தாளை விரித்துப் பார்த்தான். அவனுடைய தாள்தான். காலையில்தான் அதை நூறு பிரதி எடுத்து, போட்டோக் கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வங்கிக்குப் போய் வந்திருந்தான்.

"அண்ணை, இதை ஆர் உங்களுக்குத் தந்தது?"

"இஞ்சைதான் கிடந்தது. எல்லாரும் எடுத்தவை, நானும் எடுத்தனான்."

எல்லாருமா! தயாபரன் தாள்க்கட்டை எண்ணிப் பார்த்தான். நூறில் பதினொன்று மிச்சம்.

அந்தத் தாள் என்னவென்று சொல்லிவிட வேண்டும். கனகராயன்குளத்தில் பெருந்தெருவோரம் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கும் தயாபரன், ஆறு வருடமாக ஒரு விளையாட்டை எழுதுவதும் கிழித்து எறிவதும் திரும்ப எழுதுவதுமாக இருந்தான். அதற்குப் பலகையும் இல்லை, காயும் இல்லை. மேசையைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். வேடன், வைத்தியச்சி, கள்ளன் என்று அவரவர் விரும்பின ஆளாக மாறிக்கொள்வார்கள். ஐந்தாவது ஆள் கதை சொல்லுவான். 'காட்டுக்குள் நிற்கிறீர்கள், பாதை இரண்டாகப் பிரிகிறது, என்ன செய்யப்போகிறீர்கள்?' என்பான். அவர்கள் சொல்லுவது சரிவருமா இல்லையா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். விளையாட்டின் பெயர் 'ஏழாம் குளம்'. எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு குளத்தைத் தேடிப் போகிற கதை. ஆட்டக்காரர் தான் ஆகப்போகிற ஆளைப் பற்றி எழுதுவதற்குத்தான் அந்தத் தாள். பெயர், வயது, துணை, திறமை, காயம், பையில் உள்ளவை, தேடுவது என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தான்.

ஐயோ, கட்டம்! யுத்தத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் படிவம் நிரப்பாத கை இல்லை. வீட்டுக்கு, கிணற்றுக்கு, கோழிக் குஞ்சுக்கு, காணாமற்போன பிள்ளைக்கு என்று எத்தனை வருடமாக நிரப்புகிறார்கள். வந்தவன் போனவன் எல்லாம் ஒரு தாளை நீட்டிக் காயம் உண்டா என்று கேட்டிருக்கிறான். தயாபரனே முப்பது நாற்பது நிரப்பினவன். ஆகவே நடந்தது என்னவென்று அவன் யோசிக்கத் தேவையே இருக்கவில்லை.

"உதவிப் படிவம் எண்டு நினைச்சிட்டினம், ஜெயா."

"நினைக்காமல்?" என்றாள் மனைவி ஜெயரூபி. "விளையாட்டெண்டு சொல்லிவிடுங்கோவன்."

அதுதான் அவனால் முடியாது. போன வருடம் பள்ளிக்கூட ஆசிரியர்கள் மூன்று பேரை விளையாட வரச்சொல்லிக் கேட்டான். "நாப்பத்திரண்டு வயசிலை என்ன விளையாட்டு ஐசே?" என்று அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள் கிடக்கிறது. அன்றிலிருந்து வெளியே மூச்சு விடவில்லை.

தனியாகவே விளையாடினான். நாலு கதிரை போட்டு, வேடனுக்கு ஒன்று, வைத்தியச்சிக்கு ஒன்று என்று மாறி மாறி இருந்து, தானே கேட்டுத் தானே பதில் சொன்னான். நாலு பேரும் எப்போதும் ஒரே மாதிரித்தான் யோசித்தார்கள்! தான் நினைக்காத ஒன்றை வேறொரு வாய் சொல்லக் கேட்க வேண்டும். அந்த ஏக்கம் ஆறு வருடமாக அவனை அரித்துக்கொண்டிருந்தது.

ஜெயரூபியைக் கெஞ்சி ஒரு முறை இருத்தினான்.

"யானை ஒண்டு வழியை மறிச்சு நிக்குது. நீர் என்ன செய்வீர்?"

"வீட்டை திரும்பி வருவன்."

"ஜெயா, அப்ப கதை முடிஞ்சுது."

"நல்லதாப் போச்சு. வாங்கோ, சோறு ஆறுது."

இப்போது வந்திருப்பது பெரிய சோதனை. வவுனியாவில் வினாத்தாள் புத்தகம் போடும் அருந்ததி, 'ஏழாம் குள'த்தை நானூறு பிரதி அச்சடிக்கச் சம்மதித்திருந்தார். ஒரு நிபந்தனை மட்டும்.

"வீட்டாக்கள் இல்லாத நாலு பேர் இருந்து விளையாடோணும், தயாபரன். எங்கை விதி விளங்கேல்லை எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தரோணும். ஆரும் விளையாடிப் பாக்காத விளையாட்டை நான் அடிக்கமாட்டன். முப்பதாம் திகதிக்குப் பிறகு மெசின் வினாத்தாளுக்குப் போயிடும்."

மயில்வாகனம் தாளோடு வந்த அன்றைக்குத் திகதி ஒன்பது. நாலு பேருக்கு எங்கே போவது?

முதலில் இந்தப் படிவச் சிக்கலை முடிப்போம் என்று கடை வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டினான். 'இது உதவிப் படிவம் அல்ல.'

அடுத்த நாள் நாற்பது பேர் நின்றார்கள். தாள் கிடைக்காதவர்கள் மாங்குளத்துக்குப் போய், அவனுக்குப் போட்டியான கடையில் கொப்பி எடுத்து வந்திருந்தார்கள்.

"அறிவித்தல் பாக்கேல்லையோ?"

"பாத்தனாங்கள். அதுதான் வந்தனாங்கள்."

முன்னால் நின்றவர் வீரம்மா. பஸ் நிறுத்தத்தில் வடை விற்பவர், அறுபது தாண்டிய மனுசி. கிட்ட வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, பிந்திப்போனனோ? ஆக்கள் சரியோ?"

"வீரம்மாக்கா, இதிலை ஒண்டும் கிடைக்காது."

"கிடைக்காட்டிப் பரவாயில்லை. பேரைப் போட்டு வையுங்கோ."

சனத்துக்கு எவ்வளவு கஷ்டமென்றால் ஒன்றுமில்லாததற்கும் பெயர் பதிகிறார்கள் என்று தயாபரன் மனம் நொந்தான். சரி, ஆட்களைக் களைக்கப்பண்ணுவோம் என்று இரண்டாவது அறிவித்தல் போட்டான். 'தெரிவாவோர் ஐந்து மணித்தியாலம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சாப்பாடு கிடையாது. பயணச் செலவு கிடையாது.'

"அஞ்சு மணித்தியாலம்தானோ?" என்று கவலைப்பட்டார் மயில்வாகனம். "சாப்பாடு நாங்கள் கட்டிக்கொண்டு வருவம். இன்னும் கொஞ்ச நேரம் கூட்டேலாதோ?"

இரண்டு கிழமையில் நூற்றெண்பது தாள் சேர்ந்தது. பின்னேரம் கடையைச் சாத்திவிட்டு அவற்றை வாசிக்க இருந்தான். வாசித்திருக்கக் கூடாது.

மயில்வாகனத்தாருக்கு முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். திறமை என்ற இடத்தில், 'காட்டுக்குள் என்னை ஒருவரும் ஓடி முந்த ஏலாது' என்று எழுதியிருந்தார்.

"உதவி கேக்கிற மனுசன் காலில்லை எண்டெல்லோ எழுதோணும்?" என்றாள் ஜெயரூபி.

"மானஸ்தன். எழுத வெட்கப்பட்டிருப்பார்."

வீரம்மாவின் தாளில் வயது இருபத்துநாலு என்றிருந்தது. துணை என்ற இடத்தில், 'பக்கத்தில் நடந்து வாறார்.' வீரம்மாவின் மனுசனை யுத்த நேரம் உடையார்கட்டில் கடைசியாகக் கண்டு பதினேழு வருடம். தேடுவது என்ற இடத்தில், 'ஒன்றும் வேண்டாம். கூட்டத்தோடை போனால் போதும்.'

ஜெயரூபி அதற்குப் பிறகு பகிடி விடவில்லை. தயாபரனுக்கு அழுகை வந்தது, அழுதான். ஒரு விளையாட்டுச் சாமானை வைத்துக்கொண்டு இந்தச் சனத்தின் புண்ணைக் கிளறிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கிராம சேவகர் நல்லதம்பி வந்து இறங்கினார்.

"என்ன தயாபரன், எனக்குத் தெரியாமல் ஊரிலை விபரம் எடுக்கிறீராம்?"

"இது ஒரு புத்தக வேலை ஐயா. சனம் பிழையா விளங்கிட்டுது."

"புத்தகத்தைத் தாரும். பாப்பம்."

கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தான். கடைக்குப் பூட்டுத்தான் என்று இரண்டு நாள் நித்திரை இல்லை. மூன்றாம் நாள் நல்லதம்பி புத்தகத்தைத் திருப்பித் தந்தார். அதற்குள் மடித்த தாளொன்று இருந்தது. அவரும் நிரப்பியிருந்தார்.

"அரசாங்க உத்தியோகத்தரையும் சேப்பீரோ?" என்று மெல்லக் கேட்டார். "ஆருக்கும் சொல்லாதையும்."

சம்பளக்காரனுக்கே இந்த நிலையென்றால் நாடு எங்கே போய் நிற்கிறது! தயாபரன் அந்தத் தாளையும் கட்டோடு சேர்த்து வைத்தான்.

"ஐயா, என்னாலை இதைத் தாங்கேலாது. எல்லாரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேக்கப்போறன்."

"கூப்பிடும், கூப்பிடும்," என்றார் நல்லதம்பி அவசரமாக. "இருபத்தொன்பதாம் திகதி பொதுநோக்கு மண்டபம் சும்மாதான் கிடக்குது."

அன்றைக்கு மண்டபம் நிறைந்து, வாசலிலும் ஆட்கள். பெண்கள் சாப்பாட்டுப் பாசலோடு வந்திருந்தார்கள். பாவம், ஐந்து மணித்தியாலக் கணக்கை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தான். உள்ளே போகுமுன் அருந்ததியின் அழைப்பு வந்தது.

"என்ன தயாபரன், நாளையோடை சரி. நாலு பேர் வந்தாச்சோ?"

"இல்லை அக்கா. கிடைக்கேல்லை. வினாத்தாளையே அடியுங்கோ."

ஆறு வருடம் ஒரு வரியில் முடிந்துவிட்டது.

"பின்னாலை என்ன சத்தம்? கலியாண வீடோ?"

"மண்டபத்திலை சனம். இருநூறு பேர் வரும்."

"இருநூறு பேருக்குள்ளை நாலு பேர் இல்லையோ?"

"இது வேறை சனம் அக்கா," என்று போனை வைத்தான்.

மேடையில் ஏறினான். ஜெயரூபி தாள்க்கட்டோடு பக்கத்தில் நின்றாள். நூற்றெண்பது தாளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பதாகத் திட்டம்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்று கும்பிட்டான். "இது உதவி இல்லை. வீடு வராது, கோழிக் குஞ்சு வராது. ஆறு வருசமா நான் எழுதினது, நாலு பேர் மேசையிலை இருந்து வேறை ஆக்களா மாறிக் கதை சொல்லிற ஒரு விளையாட்டு. வெறும் விளையாட்டு. என்னோடை இருந்து விளையாட ஒருத்தரும் இல்லாமல் நான் தனிய விளையாடினது. உங்களை ஏமாத்திப்போட்டன். தாளை வாங்கிக்கொண்டு வீட்டை போங்கோ."

மயில்வாகனம் குனிந்து பொய்க்காலைப் பார்த்தார். நல்லதம்பி கூரையைப் பார்த்தார். இனிக் கல்லெறி விழும் என்று தயாபரன் கண்ணை மூடிக்கொண்டான்.

நடு வரிசையிலிருந்து வீரம்மா எழும்பினார்.

"விளையாட்டெண்டு எங்களுக்கு முதலே தெரியும் தம்பி. நீங்கள் கிழிச்சு எறியிற தாளிலைதானே நான் வடை சுத்திறனான், ஊர் முழுக்க விதியை வாசிச்சாச்சு. எங்களை ஏன் சேக்கமாட்டன் எண்டு நிக்கிறியள், அதை மட்டும் சொல்லுங்கோ."