வடிகஞ்சி குடித்த ஜெர்மன் கார்

வக்கீல் வீரபாகு பொய் சொல்கிறார். போன வாரம்கூடத் தென்காசிச் சந்தையில் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அவர் என் மனைவியின் பெரியப்பா. எனக்குப் பெரிய மாமனார். அவரைப் பற்றி எழுதலாமா என்று வீட்டில் கேட்டார்கள். அவர் என்னைப் பற்றிப் பேசலாம், நான் எழுதக் கூடாதா?

அவர் ஊரெல்லாம் சொல்லும் கதை இது: இலத்தூர்ச் சண்முகம் என்ற மடையன் தன் மாப்பிள்ளை அழைப்பன்று மோட்டார் காருக்கு வடிகஞ்சி ஊற்றினான். ஊற்றினேன். மறுக்கவில்லை. யார் ஊற்றச் சொன்னது என்பதுதான் வழக்கு.

ஜெர்மனியோடு சண்டை வருவதற்குச் சில வருஷம் முந்தி நடந்தது. அப்போது எனக்கு இலத்தூரில் வயல் இருந்தது, நெல் மில்லில் பங்கு இருந்தது, மூளை மட்டும் இல்லை. வக்கீல் தம்பி மகளைக் கேட்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும், நானே நேராக அவரைப் போய்ப் பார்த்தேன்.

"என் தம்பிக்கு ஒரே ஒரு ஆசைதான்," என்றார். "மோட்டார் வச்சிருக்க மாப்பிள்ளையா வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கான்."

"எங்கிட்ட மோட்டார் இல்லையே அண்ணாச்சி."

"எங்கிட்ட இருக்குல்லா."

நான் அங்கேயே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் கொட்டகைக்குள் போய் அந்தக் காரைப் பார்த்தேன். ஜெர்மனிக்காரன் செய்தது. மேல்துணியை மடக்கினால் திறந்த தேர் மாதிரி இருந்தது. முன்பக்கம் பித்தளை மினுமினுத்தது. எனக்கு வாய் பிளந்துவிட்டது.

ஓட்டிக் காட்டினார். அது ஆடி மாதம், சாரல் விடாமல் அடித்தது. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு மூன்று மைல். கார் தண்ணீரில் மீன் போவது மாதிரி போனது. அருவிக்கரையில் நிறுத்தி, "குளிச்சிட்டுப் போவோம், காரு எங்க ஓடிரப் போவுது?" என்றார். எண்ணெய் தேய்த்து, ஊற வைத்து, ஆற அமரக் குளித்தோம். அவ்வளவு நேரமும் காரும் சாரலில் நின்று உடம்பைக் குளிர வைத்துக்கொண்டது. திரும்பும்போதும் சாரல். மழையில் நனைத்தபடியே ஒரு காரை ஓட்டிக் காட்டி விற்கிறாரே, வெயிலில் இது என்ன செய்யும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சொன்ன விலைக்கு வாங்கிவிட்டேன். (எருமை வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பேன். காருக்கு எங்கே பல்?)

ஐப்பசிக்குள் உண்மை தெரிந்தது. சக்கரத்து ஆரக்கால்கள் மரம். வெயில் பட்டால் சுருங்கி லொடலொடவென்று ஆடும். அதற்காகக் காரைச் சிற்றாற்றில் இறக்கி, மாட்டை நிறுத்துவதுபோல நிறுத்தி ஊறப் போட வேண்டும். அது குடித்த எண்ணெயில் கோயிலுக்கு வருஷம் முழுக்க விளக்குப் போட்டிருக்கலாம். ஒரு சாமான் உடைந்தால் சென்னைக்கு எழுத வேண்டும், சென்னைக்காரன் ஜெர்மனிக்கு எழுதுவான், அங்கிருந்து கப்பல் ஏறி வரும். வந்து சேர்வதற்குள் வேறொன்று உடைந்திருக்கும். ஒரு போக நெல் வண்டியோடு போயிற்று. அப்புறம் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. கார் நின்ற இடமெல்லாம், பிள்ளை பாயை நனைத்த மாதிரி ஈரம்.

ஆனாலும் நிச்சயம் முடிந்துவிட்டது. வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் மாமனார் வேறொரு நல்ல காருக்கு ஏற்பாடு செய்திருந்தார். "அதெல்லாம் வேண்டாம், நம்ம சொந்தக் கார்லதான் வருவேன்" என்று சொல்லி அனுப்பினேன். (அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.)

அழைப்பன்று மதியம் ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் ஊற்ற ஊற்றக் கீழே போனது. டிரைவர் மாசானத்தைக் கூட்டிக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்கா இப்படி வேர்த்து வாரிய? பந்திக்குச் சோறு வடிக்காவல்லா, அந்த வடிகஞ்சியில ரெண்டு செம்பு ஊத்துங்க. ஓட்டையில ஒட்டிக்கிடும்."

இதுதான் அவர் சொன்னது. மாசானம் பக்கத்தில்தான் நின்றான். ஊற்றினோம். ஒழுக்கு நின்றது. வக்கீலைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

சாயங்காலம் கோயில் வாசலில் ஏறினேன். பட்டு வேட்டி, கோட்டு, கழுத்து மறையும் மாலை, போதாததற்குக் கறுப்புக் கண்ணாடி. மாப்பிள்ளை அழைப்பு என்றால் நாதஸ்வரத்துக்குப் பின்னால் கார் நடந்து போக வேண்டும். அந்தக் கார் ஓடும், நிற்கும், நடக்கத் தெரியாது. மொட்டைக் கோபுர வாசலில் எப்போதும் அடிக்கிற காற்றும் அன்றைக்கு முதுகுப் பக்கம் இருந்தது, ரேடியேட்டரில் படவில்லை. பாதி ரதவீதியில் முன்னாலிருந்து களகளவென்று ஒரு சத்தம். தவில்காரர் தனி ஆவர்த்தனத்தை உச்சத்துக்குக் கொண்டுபோன நேரம், ரேடியேட்டர் மூடி பறந்தது.

கஞ்சி ஒரு ஆள் உயரம் எழும்பியது. நுரைத்து, ஆவியோடு, வெள்ளையாக. தவில்காரர் முதுகிலும் தவிலிலும் கொட்டியது. அவர் துள்ளிக் குதித்தார். மிச்சம் பின்பக்கமாகத் தெறித்து என் மேல் விழுந்தது. கறுப்புக் கண்ணாடி வெள்ளைக் கண்ணாடி ஆகிவிட்டது.

கண்ணாடியைக் கழற்றினேன். மாலையிலிருந்து கஞ்சி சொட்டியது.

"என்னவே இது?" என்றார் தவில்காரர். "தோலு ஊறிப்போச்சு. இனி தட்டுனா களி கிண்டுத மாதிரிலா கேக்கும்."

நான் பதில் சொல்வதற்குள் கூட்டத்திலிருந்து வக்கீல் முன்னால் வந்தார். கஞ்சியை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். "கல்யாணத்துக்கு முந்தின நாள் கஞ்சி பொங்கி வழியுது. சகுனம் சரியில்லையே" என்றார்.

"நீங்கதான அண்ணாச்சி ஊத்தச் சொன்னிய?" என்று கத்தினேன்.

"வெயிலா இருக்கு, கஞ்சி குடிங்கன்னு சொன்னேன். மாப்பிள்ளைக்குச் சொன்னேன். காருக்கா சொன்னேன்?"

தெரு சிரித்தது. மாசானத்தைப் பார்த்தேன். அவன் வக்கீல் நிலத்தில் குத்தகைக்காரன், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் கோர்ட்டில் அவர் எப்படி ஜெயித்தார் என்பது எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது.

சகுனம் என்ற சொல் வாய்க்கு வாய் தாவியது. நாளைக்கு முகூர்த்தம் வேண்டாம், ஆனிக்குத் தள்ளிப்போடலாம் என்று யாரோ சொன்னார்கள். இப்படித் தள்ளிப்போட்ட கல்யாணம் எது நடந்திருக்கிறது? இறங்கி நடந்தே வந்துவிடுகிறேன் என்று காலைத் தூக்கினேன்.

"இறங்காதீய," என்று பெண்ணின் அத்தை அலறினாள். "ஏறுன மாப்பிள்ளை ஆரத்திக்கு முந்தி நடுத்தெருவுல இறங்குனா பொண்ணுக்கு ஆகாது."

தூக்கிய காலை மடக்கிக்கொண்டேன். அப்போதுதான் என் மாமனார் வந்தார். அதிகம் பேசாத மனிதர். தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"கல்யாணத்தத் தள்ள வேண்டாம். காரத் தள்ளுவோம்" என்றார்.

காருக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். நாலு பேர் சேர்ந்தார்கள். ரதவீதி கழிந்தால் பெண் வீட்டுத் தெரு மேடு. மாலையும் கஞ்சியுமாக நான் மேலே உட்கார்ந்திருக்கிறேன், பெண்ணைக் கொடுக்கிறவர் என் முதுகுக்குப் பின்னால் மூச்சிரைக்கத் தள்ளுகிறார். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வக்கீல் எங்கே இருந்தார் தெரியுமா? முன்னால் நடந்து, "வழி விடுங்க, மாப்பிள்ளை வாராவ" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

கல்யாணம் நடந்தது. தாரைவார்க்கும்போது மாமனாரால் நிமிர முடியவில்லை. எவ்வளவு பணிவு பாருங்கள் என்று வந்தவர்கள் மெச்சினார்கள். அது பணிவு இல்லை, முதுகுப் பிடிப்பு. இன்றுவரை விடவில்லை.

மறுவீடு முடிந்ததும் ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தேன். முதலில் என் கஞ்சி வந்தது. தட்டினேன். அடியிலிருந்து கடுகு வந்தது. மஞ்சள் வந்தது. கடைசியாகக் கல் மாதிரி இறுகிப்போன கேப்பைக்களி வந்தது. ஒரு அடுப்படியே உள்ளே இருந்தது. நான் போட்டது கஞ்சி மட்டும். எனக்கு முந்தியே ஒழுக்கை அடைக்கப் போட்ட மற்றதெல்லாம் யார் சமையல்?

அதை ஒரு சட்டியில் அள்ளிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனேன். எட்டிப் பார்த்தார். "புது மாப்பிள்ளை வந்தா பலகாரம் கொண்டாருவாவ. இது என்னது?" என்றார். சட்டியோடு திரும்பி வந்துவிட்டேன். சட்டி இன்னும் என் பரணில் இருக்கிறது.

இன்றைக்கும் மாமனார் வீட்டுக்குப் போனால் எனக்கு முதலில் வருவது ஒரு செம்பு வடிகஞ்சி. "வண்டி சூடா வந்திருக்கும், மொதல்ல ஊத்துங்க" என்பார்கள். என் மனைவி எல்லோருக்கும் முந்திச் சிரிப்பாள். அதைப் பொறுத்துக்கொள்வேன். மாமனார் முதுகைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் பொய் சொல்ல மாட்டாவ, நீங்கதான் சரியாக் கேக்கல மாப்ளே" என்கிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வருகிற வைகாசியில் என் மச்சினனுக்குக் கல்யாணம். அதே தெரு. அதே சனம். தவில்காரருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வக்கீல் அவர்களே, பந்தலுக்குச் சட்டியோடு வருவேன். உம்முடைய தம்பி முன்வரிசையில் குனிந்து உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லும்: அந்தக் கேப்பைக்களியைக் கிண்டிப் போட்டது யார்?