பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு சோக முடிவு

மயில்துத்தம் கலந்து மருந்தடித்த திராட்சைத் தோட்டத்தின் வாடை பட்டால் மற்றவர்களுக்குத் தும்மல் வரும். எனக்கு அவமானம் வரும். காமயகவுண்டன்பட்டி வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு ஒரு நடுவயது ஆள் உட்கார்ந்திருந்தால், அது நான்தான்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. வசன கவிதை எழுதுகிறவனுக்குப் பெண் கொடுக்கத் தேனி மாவட்டத்தில் யாரும் வரிசையில் நிற்கவில்லை. இந்த லட்சணத்தில், பெண் பார்க்கப் போவதற்கு முந்தைய வாரம் முழுவதும் கம்ப்யூட்டரில் ஒரு விஷுவல் நாவலுக்குள் கிடந்தேன். (தெரியாதவர்களுக்கு: படமும் இசையுமாகக் கதை வரிவரியாக வரும். நாயகி ஏதாவது கேட்பாள். திரையில் இருக்கும் பதில்களில் ஒன்றை நாம் அமுக்க வேண்டும். கதை அதன்படி திரும்பும்.)

முதலில் மழை, குடை, பள்ளிக்கூடம் என்று இனித்தது. பிறகு நாயகி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சுவரில் அவள் நிழல் மட்டும் தனியாகச் சிரித்தது. ஒரு கட்டத்தில் “நான் போகட்டுமா?” என்றாள். ‘போ’ என்பதை அமுக்கினேன். அடுத்த காட்சியில் பிணம். திரும்ப ஆரம்பித்து, வேறு வழியாகப் போனாலும் அதே கேள்வி. ‘போகாதே’ என்பதை அமுக்க மனம் வரவில்லை, நான் முற்போக்கானவன். நான்கு முறை கொன்றேன், நான்கு முறை அழுதேன். உலகக் காதலின் துயரமெல்லாம் என் ஒருவன் தலையில் இறங்கியதாக நம்பினேன். (பல் விளக்காததும் அந்தத் துயரத்தில் சேர்த்திதான்.)

அந்த முகத்தோடுதான் அக்கா என்னைக் காமயகவுண்டன்பட்டியில் இருந்த பெண் வீட்டுக்கு இழுத்துப் போனாள். சுகந்தி உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தினாள். பேச்சை முடித்த பிறகும் கண்ணால் ஒரு வாக்கியம் மிச்சம் வைத்திருந்தாள். எனக்கு ஐந்தே நிமிடத்தில் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் பிடித்திருக்க வேண்டும், இலை போட்டுவிட்டார்கள். சம்மதம் ஆகாத வீட்டில் எங்கள் பக்கம் கை நனைப்பதில்லை. இலை விழுந்தால் முக்கால் கல்யாணம். சாப்பாட்டுக்கு முன் இருவரும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று அவளுடைய சித்தப்பா எங்களை வீட்டுக்குப் பின்னாலிருந்த திராட்சைத் தோட்டத்துக்கு அனுப்பினார். காலையில்தான் மருந்தடித்திருந்தார்கள். பந்தல் தாழ்வு. முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறவன்போல் குனிந்து நின்றேன்.

அவள் நேராகக் கேட்டாள்: “கல்யாணத்துக்குப் பெறகும் நான் வேலைக்குப் போகணும். போகட்டுமா?”

கொத்துகள் மங்கின. அவள் தலைக்கு மேல் பதில்கள் வந்து வரிசையாக நின்றன. ஐந்தாவது பெண்ணையாவது காப்பாற்றியே தீருவது என்று, கண்ணீர் பொங்கச் சொன்னேன்.

“போகாத. போனா நீ செத்துருவ.”

பூவும் பழமும் தட்டில் இருக்கும் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். நான் கவிஞன், கணீரென்று சொன்னேன். கொடிக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பா வெளிப்பட்டார். (எல்லாத் தனிப்பேச்சுக்கும் ஒரு சித்தப்பா உண்டு.)

“வேலைக்குப் போனா கொன்னுபுடுவீகளோ?”

“நான் கொல்லல. அவளா செத்துருவா. நாலு தடவ பாத்துட்டேன்” என்றேன், தெளிவுபடுத்தும் ஆர்வத்தில்.

சித்தப்பா இலையை எடுக்கச் சொல்லி உள்ளே ஓடினார். செத்தது யார் என்று சுகந்தி மட்டும் பொறுமையாக விசாரித்தாள். முழுக் கதையையும் சொன்னேன்.

“அவகிட்ட ஒரு தடவகூட ‘போகாதே’ன்னு அமுக்கலயா?”

“இல்ல.”

“மொத மொத எங்கிட்டதான் அமுக்குனீகளா?”

விறைப்பாக நிமிர்ந்தேன், பந்தல் தலையில் இடித்தது.

திரும்பும் வழியில் கம்பத்தில் ஒரு ஓட்டலில் அக்கா அழுதுகொண்டே புரோட்டாவைப் பிய்த்தாள். வீட்டுக்கு வந்து ‘போகாதே’யை அமுக்கிப் பார்த்தேன். அப்போதும் நாயகி செத்தாள். பிற்பாடு போடியில் பெண் அமைந்தது. என் மனைவி தினமும் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, “போகட்டுமா, இல்ல செத்துருவனா?” என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறாள். அக்கா இந்தக் கதையை எந்த விசேஷத்திலும் விடுவதில்லை. கடைசி வரியை மட்டும் என்னைச் சொல்ல வைப்பாள்.

சொல்கிறேன். காமயகவுண்டன்பட்டி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னும் ஏதோ மிச்சமிருக்கிற நம்பிக்கையில், “போயிட்டு வாரேன்” என்றேன்.

சுகந்தி தெருமுனையைப் பார்த்தாள்.

“கம்பம் பஸ் வந்துருச்சு. வெரசா ஓடுங்கண்ணே.”